பொருளறிவும் சொல்லறிவும்: காப்புரிமை முகவரின் கல்விப் பின்னணி, சேர்வராயன் மலையை முன்வைத்து

'பேட்டன்ட் அட்டர்னி' என்றொரு பதவி இந்தியச் சட்டத்தில் கிடையாது. நிறுவனங்களின் பெயர்ப்பலகைகளிலும் முகவரி அட்டைகளிலும் அந்தச் சொல் தாராளமாகப் புழங்கினாலும், 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் அறிந்திருப்பது 'பேட்டன்ட் ஏஜென்ட்' எனப்படும் காப்புரிமை முகவரை மட்டுமே. புதிய கண்டுபிடிப்பு ஒன்றை, அதன் செய்முறையில் எதையும் ஒளிக்காமல் எழுதி அரசிடம் ஒப்படைப்பவருக்கு, அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை பிறர் அதைச் செய்வதையும் விற்பதையும் தடுக்கும் உரிமையை அரசு அளிக்கும் ஏற்பாடே காப்புரிமை. அந்த எழுத்துப் பணியைப் பிறருக்காகச் செய்யவும், காப்புரிமை அலுவலகத்தின் தலைமை அதிகாரியான கட்டுப்பாட்டாளர் முன் அவர்கள் சார்பில் தோன்றவும் பதிவேட்டில் பெயர் உள்ளவரே முகவர். கண்டுபிடித்தவர் தம் விண்ணப்பத்தைத் தாமே எழுதிக்கொள்ளலாம். விசாரணையில் மட்டும் பங்கெடுக்கப் பதிவு பெறாத வழக்கறிஞருக்கும் இடமுண்டு. ஆனால் இந்தப் பணியையே தொழிலாக நடத்தப் பதிவு கட்டாயம்.

அந்தப் பதிவுக்குச் சட்டத்தின் 126ஆம் பிரிவு கேட்கும் தகுதிகளைப் படிக்கும் எவருக்கும் முதலில் வியப்பளிப்பது, அதில் சட்டப் படிப்பு இல்லை என்பதுதான். இந்தியக் குடிமகனாகவும் 21 வயது நிரம்பியவராகவும் இருக்க வேண்டும். அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் பட்டம் பெற்றிருக்க வேண்டும். அதற்குமேல், காப்புரிமை முகவர் தேர்வில் தேறியிருக்க வேண்டும் அல்லது காப்புரிமை அலுவலகத்தில் தேர்வாளராகவோ கட்டுப்பாட்டாளராகவோ மொத்தம் பத்தாண்டுகளுக்குக் குறையாமல் பணியாற்றி விலகியிருக்க வேண்டும். தேர்வாளர் என்பவர் வரும் விண்ணப்பங்களை ஏற்கெனவே உலகில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுச் சோதிக்கும் அலுவலர். ஆகவே வேதியியலில் இளநிலைப் பட்டம் பெற்ற ஒருவர், சட்டக் கல்லூரியின் வாசலை மிதிக்காமலேயே, சட்டத்தின் மிக நுட்பமான ஆவண வகைகளுள் ஒன்றை எழுதும் உரிமையைப் பெறுகிறார். தமிழிலக்கியமோ வரலாறோ படித்துப் பின் சட்டம் பயின்ற மூத்த வழக்கறிஞர் அந்த உரிமையைப் பெற முடியாது. இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1970ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் கேட்டது ஏதேனும் ஒரு பல்கலைக்கழகப் பட்டத்தை மட்டுமே. அந்தப் பட்டம் அறிவியல் சார்ந்ததாக இருக்க வேண்டும் என்று வரையறுத்தது 2002ஆம் ஆண்டுத் திருத்தம்தான்.

பொருளை அறிந்தவருக்கே அதைப் பற்றி எழுதும் உரிமை என்ற இந்த விதி நியாயமானதா, போதுமானதா என்பதைச் சோதிக்கச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் உள்ள கிண்டியிலோ பெங்களூரின் மென்பொருள் வளாகங்களிலோ தொடங்குவதைக் காட்டிலும், சேலத்துக்கு வடக்கே எழும் சேர்வராயன் மலையில் தொடங்குவது அதிகப் பலன் தரும். ஏற்காடு அமைந்திருக்கும் இந்த மலையில் பெரிய ஆய்வுக்கூடங்களோ மின்னணுத் தொழிற்சாலைகளோ இல்லை. ஆனால் 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் அறிமுகப்படுத்திய காப்பி இங்கே இருக்கிறது; காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் படரும் மிளகுக் கொடிகளும் இருக்கின்றன; மலையின் மேற்புறத்தில் பாக்சைட் இருக்கிறது; இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது; தலைமுறைகளாக இம்மலையை அறிந்த மலையாளிப் பழங்குடியினர் இருக்கின்றனர். கண்டுபிடிப்பு எது, இயற்கை எது, மரபறிவு எது என்று காப்புரிமைச் சட்டம் போடும் கோடுகளில் பல இந்த ஒரு மலையின் மீது கடந்து செல்கின்றன.

காப்பித் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். பறித்த பழத்தின் சிவந்த தோலை உரித்துக் கொட்டையைப் பிரிக்கும் எந்திரத்துக்குத் தோட்டங்களில் 'பல்ப்பர்' என்று பெயர். சுழலும் உருளை ஒன்றுக்கும் அதை ஒட்டி நிற்கும் தகடு ஒன்றுக்கும் நடுவே பழம் நசுங்கும்போது வழுக்கிக்கொண்டு கொட்டை ஒருபுறமும் தோல் மறுபுறமும் விழுகின்றன. இதற்கு நிறையத் தண்ணீர் செலவாகும். மலைத் தோட்டத்தில் தண்ணீர் சிக்கனம் என்பது வருமானக் கணக்கு. பழத்தின் பருமனுக்கேற்பத் தானே விலகிக்கொடுக்கும் வில் பொருத்திய தகடு ஒன்றை ஒருவர் செய்து, அதனால் தண்ணீர்ச் செலவு குறைகிறது என்று கண்டதாக வைத்துக்கொள்வோம். அவரிடம் கேட்டால் எந்திரத்தைக் காட்டுவார். "இந்த வில்லைப் போட்டேன், சரியாப் போச்சு" என்பார். முகவரின் வேலை அந்த இடத்தில் தொடங்குகிறது.

விண்ணப்பத்தோடு தரப்படும் விவரக்குறிப்பில் இரண்டு பகுதிகள் உண்டு. முதற்பகுதி, அத்துறையில் தேர்ச்சியுள்ள வேறொருவர் படித்துவிட்டுத் தானே செய்துகொள்ளும் அளவுக்குக் கண்டுபிடிப்பை விளக்குவது. இரண்டாம் பகுதியான உரிமைக்கூற்று, அதாவது 'கிளெய்ம்', கண்டுபிடித்தவருக்கு எது சொந்தம் என்று எல்லை போடுவது. நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது போல என்று இதை விளக்குவது வழக்கம். ஆனால் நிலத்துக்குக் கல் நட்டுக் காட்டலாம், இங்கே சொல்லைத் தவிர எல்லைக்கல் வேறில்லை. உரிமைக்கூற்றில் 'எஃகுச் சுருள்வில்' என்று எழுதினால், நாளையே பக்கத்து ஊர்ப் பட்டறையில் ரப்பர் துண்டு வைத்து அதே பல்ப்பரைச் செய்து விற்பவரைத் தடுப்பது கடினம். 'மீள்தன்மையுடைய உறுப்பு' என்று எழுதினால் ரப்பரும் உள்ளே வந்துவிடும். ஆனால் அதே விரிந்த சொல், எண்பது ஆண்டுகளுக்கு முன் வேறொரு நாட்டில் நெல் உரிக்கும் எந்திரத்தில் பயன்பட்ட ஏதோவொரு மீள்தன்மை உறுப்பையும் தொட்டுவிட்டால், புதுமை இல்லையென்று தேர்வாளர் மறுத்துவிடுவார். 'உள்ளடக்கிய' என்ற ஒரு வினைச்சொல்லுக்கும் 'மட்டுமே கொண்ட' என்பதற்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு தொழிலே கைநழுவிப் போகும். வில் எதற்காக அங்கே இருக்கிறது, ரப்பர் அதே வேலையைச் செய்யுமா, தகட்டுக்கு மாறாக உருளையை நகர்த்தினாலும் இதே பலன் கிட்டுமா என்றெல்லாம் கேட்கத் தெரியாதவர் சரியான சொல்லைத் தேர முடியாது. அறிவியல் பட்டத்தைச் சட்டம் கட்டாயமாக்கியதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது.

இதே தோட்டத்தில் முகவர் 'முடியாது' என்று சொல்ல வேண்டிய இடங்களும் உண்டு. அதைச் சொல்லவும் படிப்பு தேவை. காப்பிச் செடியைக் கவாத்து செய்யும் புதிய முறைக்குக் காப்புரிமை கிடைக்காது. வேளாண், தோட்டக்கலை முறைகளைச் சட்டத்தின் 3(எச்) பிரிவு விலக்கியிருக்கிறது. புதிய காப்பி ரகத்துக்கும் கிடைக்காது. தாவரங்களையும் விதைகளையும் ரகங்களையும் 3(ஜே) பிரிவு விலக்குகிறது. ரகத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் 2001ஆம் ஆண்டின் தாவர ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வேறொரு வாசலைத் தட்ட வேண்டும். மலையின் பெயரால் வரும் மதிப்பைக் காக்க வேண்டுமென்றால் 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் இருக்கிறது. குடகு, வயநாடு, சிக்மகளூர், அரக்கு, பாபாபுதான்கிரிக் காப்பிகள் 2019இல் அந்தக் குறியீட்டைப் பெற்றபோது அந்த ஐந்தில் சேர்வராயன் மலைக் காப்பி இடம்பெறவில்லை. மலையடிவாரத்தில் சேலம் ஜவ்வரிசி 2023இல் பெற்றது. பல்ப்பருக்கு ஒன்று, ரகத்துக்கு ஒன்று, பெயருக்கு ஒன்று என்று ஒரே எஸ்டேட்டில் மூன்று சட்டங்கள் செயல்படுகையில், தம்மிடம் வந்தவரைத் தவறான வாசலுக்கு அனுப்பி ஓராண்டைக் கடத்திவிடும் முகவரால் விளையும் தீங்கு, மோசமாக எழுதப்பட்ட உரிமைக்கூற்றால் விளைவதைவிடக் குறைந்ததல்ல.

பாக்சைட்டின் கதை இன்னும் தெளிவானது. இயற்கையில் கிடக்கும் பொருளைக் கண்டறிவது கண்டுபிடிப்பு ஆகாது என்பது 3(சி) பிரிவு. சேர்வராயன் மலையில் பாக்சைட் உண்டென்று முதலில் கண்டவர் யாராயினும் அதற்குக் காப்புரிமை கோர முடியாது. ஆனால் இங்கிருந்து வெட்டிய பாக்சைட்டை மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் நிறுவனம் அலுமினியமாக்கிய இரு படிகளும் காப்புரிமைகளாகப் பிறந்தவை. மண்ணிலிருந்து அலுமினாவைப் பிரிக்கும் முறை 1880களின் இறுதியில் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் யோசப் பேயரால் உரிமை கோரப்பட்டது. அலுமினாவை மின்னாற்பகுத்து உலோகமாக்கும் முறையை 1886இல் பிரான்சில் பால் எரூவும் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் ஒருவரையொருவர் அறியாமல் கண்டனர். எரூ முந்தி விண்ணப்பித்திருந்தும், யார் முதலில் கண்டார் என்பதைப் பார்த்த அன்றைய அமெரிக்கச் சட்டத்தின்படி, தாம் முன்னதாகவே செய்து பார்த்ததை மெய்ப்பித்த ஹாலுக்கே அங்கு உரிமை கிட்டியது. இந்தியா பின்பற்றுவது முந்தி விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை என்னும் முறை. இங்கே தேதிதான் பேசும். கண்டுபிடிப்பு முழுமை பெறும் முன்பே 'தற்காலிக விவரக்குறிப்பு' ஒன்றைத் தாக்கல் செய்து நாளைப் பிடித்துக்கொண்டு, 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பைத் தரலாம் என்ற வசதியை முகவர்கள் ஓயாமல் வலியுறுத்துவது அதனால்தான்.

இந்தத் தொழிலின் இந்திய வரலாறும் ஒரு பொறியாளரோடுதான் தொடங்குகிறது. புதிய உற்பத்திமுறைகளுக்குத் தனியுரிமை அளிக்கும் சட்டம் 1856 பிப்ரவரி 28இல் பிறப்பிக்கப்பட்ட சில நாட்களில், மார்ச் 3 அன்று, கல்கத்தாவின் கிராண்ட்ஸ் லேன் 7ஆம் எண் வீட்டைச் சேர்ந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்ற கட்டடப் பொறியாளர், விசிறி இழுக்கும் திறன்மிகு எந்திரம் ஒன்றுக்கு உரிமை கோரி மனுச் செய்தார்; செப்டம்பர் 2இல் வரைபடங்களுடன் விவரக்குறிப்பைக் கொடுத்து நாட்டின் முதல் தனியுரிமையைப் பெற்றார். கூரையில் தொங்கும் பங்காவை இழுக்கும் ஆளின் வேலையை எந்திரத்திடம் கொடுக்க முயன்ற அவருடைய பெயரைத் தாங்கிய காப்புரிமை நிறுவனம் இன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. எந்திரத்தைச் செய்தவரே சொல்லையும் செய்தார் என்பதால், பொருளறிவா சொல்லறிவா என்ற கேள்வி அந்த முதல் விண்ணப்பத்தில் எழவே இல்லை.

கேள்வியை எழுப்பியது விடுதலைக்குப் பிந்தைய சட்டம். சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதியாக இருந்து பின்னர் உச்ச நீதிமன்றம் சென்ற என். ராஜகோபால அய்யங்கார் 1959இல் அளித்த அறிக்கையே 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடித்தளம். இந்தியக் காப்புரிமைகளில் மிகப் பெரும்பாலானவை வெளிநாட்டவர் கையில் இருந்தன என்பதையும், அவற்றில் பெரும்பகுதி இந்நாட்டில் உற்பத்திக்கே வரவில்லை என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். அதன் வழியில், உணவு, மருந்து, வேதிப்பொருள்களில் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு என்று 1972 ஏப்ரல் 20இல் நடைமுறைக்கு வந்த சட்டம் விதித்தது. இந்த ஒரு விதி தொழிலின் உருவத்தையே வகுத்தது எனலாம். மருந்துத் துறைக்காக எழுதும் முகவர், மூலக்கூறு எது என்பதைவிட அதை எந்த வெப்பநிலையில், எந்தக் கரைப்பானில், எந்த வரிசையில் செய்வது என்பதை அறிந்த செய்முறை வேதியியலாளராக இருக்க வேண்டியிருந்தது. 2005 ஜனவரி 1 முதல் பொருளுக்கும் காப்புரிமை வந்தபின், மூலக்கூற்றைப் படிக்கத் தெரிந்தவர்களும் உலக ஆய்விதழ்களில் முன்னறிவைத் தேடித் துழாவத் தெரிந்தவர்களும் தேவைப்பட்டனர். முன்னறிவு என்பது விண்ணப்ப நாளுக்கு முன் உலகில் எங்கேனும் வெளியாகியிருந்த அறிவனைத்தும்.

முகவர் தேர்வு இத்தகைய மனிதரைத்தான் தேர்ந்தெடுக்கிறதா? காப்புரிமைச் சட்டமும் விதிகளும் முதல் தாள், 100 மதிப்பெண். விவரக்குறிப்பு எழுதுவதும் பொருள்கொள்வதும் இரண்டாம் தாள், 100 மதிப்பெண். நேர்முகத் தேர்வுக்கு 50. இரு தாள்களிலும் தனித்தனியே 50, மொத்தத்தில் 60 விழுக்காடு பெற்றவர் படிவம் 22ஐ நிரப்பிக் கட்டணம் செலுத்திப் பதிவேட்டில் சேரலாம். இங்கே ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது: யாரிடமும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் தகுதித் தேர்வை எழுதி முடிக்க, அறிவியல் அல்லது தொழில்நுட்பப் பட்டத்தோடு, பதிவு பெற்ற தொழில்முறையாளர் ஒருவரின்கீழ் பொதுவாக மூன்றாண்டுப் பயிற்சி வேண்டும். மரத்தச்சரும் சமையற்காரரும் குருவின் அருகிலிருந்தே தொழில் பழகும் நாட்டில், ஒருவருடைய இருபதாண்டு உரிமையை ஒரு சொல்லில் வைத்து எழுதும் தொழிலுக்கு அந்த ஏற்பாட்டைச் சட்டம் மறந்துவிட்டது முரண்தான். நடைமுறையில் பெருநகர நிறுவனங்கள் புதியவர்களை ஓரிரண்டு ஆண்டுகள் மூத்தவர்களின் வரைவுகளைத் திருத்தவைத்துப் பழக்குகின்றன. அத்தகைய வாய்ப்பில்லாமல் சிறு நகரத்தில் தனியே தொடங்குபவர், தம் முதல் கட்சிக்காரர்களின் செலவில் பழக வேண்டியிருக்கிறது.

பெயர் வேறுபாட்டில் அமெரிக்கா தெளிவாக இருக்கிறது: தொழில்நுட்பத் தகுதியோடு காப்புரிமை அலுவலகத் தேர்வில் தேறியவர் 'ஏஜென்ட்'; அவரே வழக்கறிஞராகவும் இருந்தால் 'அட்டர்னி'. இரண்டும் ஒருவரிடம் சேர்ந்ததற்குச் சிறந்த எடுத்துக்காட்டு செஸ்டர் கார்ல்சன். கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1930இல் இயற்பியல் பட்டம் பெற்ற அவர், மின்பொருள் நிறுவனம் ஒன்றின் காப்புரிமைப் பிரிவில் பணியாற்றிக்கொண்டே மாலை நேரத்தில் சட்டம் படித்தார். விவரக்குறிப்புகளுக்கும் படங்களுக்கும் படி எடுப்பதில் பட்ட பாடே 1938இல் அவரைச் செராக்ஸ் முறையைக் கண்டுபிடிக்கத் தூண்டியது. காப்புரிமைத் தொழிலின் சலிப்பிலிருந்து பிறந்த கண்டுபிடிப்பு, இன்று ஏற்காட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு அருகிலும் 'ஜெராக்ஸ்' என்ற பலகையாகத் தொங்கும் அளவுக்குப் பரவியிருக்கிறது.

இந்தியாவில் வழக்கறிஞருக்கும் முகவருக்கும் உள்ள உறவு அவ்வளவு சுமுகமாக இருந்ததில்லை. 2002 வரையறைப்படி அறிவியல் பட்டத்தோடு வழக்கறிஞராகவும் இருப்பவர் தேர்வெழுதாமலே முகவராகப் பதியலாம் என்றிருந்தது. 2005 திருத்தம் அந்தச் சலுகையை நீக்கியது. அதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்ற எஸ்.பி. சொக்கலிங்கம் வழக்கில், அந்த நீக்கம் அரசியலமைப்பின் சமத்துவக் கோட்பாட்டுக்கு முரணானது என்று 2013இல் தீர்ப்பளிக்கப்பட்டது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பட்டம் இல்லாத வழக்கறிஞருக்கு இடம் வேண்டும் என்று அங்கே கேட்கப்படவில்லை, பொருளறிவு முதலில் என்ற அடிப்படையை அந்த வழக்கு தொடவே இல்லை. சர்ச்சை, சொல்லறிவை மெய்ப்பிக்க வழக்கறிஞர் பதிவு போதுமா, தனித் தேர்வு வேண்டுமா என்பது பற்றியதே. வழக்கறிஞர் பதிவு தரும் மொழித்திறன் வழக்காடுவதற்கானது, எல்லை வகுப்பதற்கானது அல்ல என்ற அரசின் பக்க எண்ணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் முகவருக்கு இல்லாத ஒன்று வழக்கறிஞருக்கு இருக்கிறது: கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொன்ன இரகசியத்தைச் சாட்சியச் சட்டம் காக்கிறது, முகவரிடம் சொன்னதைப் பற்றி அதில் பேச்சில்லை. தம் கண்டுபிடிப்பின் பலவீனத்தை மனம் திறந்து சொல்ல வேண்டிய இடத்தில் இந்தக் குறை சிறியதன்று.

சொல் எப்படிக் கோடிக்கணக்கான ரூபாயைத் தாங்கும் என்பதை, பழைய சேலம் மாவட்டத்தின் எல்லைக்குள் இருந்த ஓசூரிலிருந்து எழுந்த வழக்கு காட்டியது. தருமபுரி 1965இல் பிரியும்வரை ஓசூரும் சேலத்தைச் சேர்ந்ததே. அங்கே தொழிற்சாலை கொண்ட டிவிஎஸ் மோட்டார் 2007 இறுதியில் 125 சிசி 'ஃபிளேம்' வண்டியை அறிவித்தபோது, இரண்டு ஸ்பார்க் பிளக் கொண்ட தங்கள் எஞ்சினின் உரிமையை அது மீறுவதாகப் பஜாஜ் ஆட்டோ கூறியது. பஜாஜின் காப்புரிமை எண் 195904; விண்ணப்ப நாள் 2002 ஜூலை 16; வழங்கப்பட்டது 2005இல். சிலிண்டரின் உள்விட்டம் 45 முதல் 70 மில்லிமீட்டருக்குள் இருக்கும் சிறிய நான்கு வீச்சு எஞ்சினில், எதிரெதிராக இரண்டு பிளக்குகளை வைத்து, அவற்றில் ஒன்றை மசகெண்ணெயிலிருந்து காக்கும் உறைக்குள் பொருத்துவது அதன் சாரம். ஆனால் உரிமைக்கூற்றின் தொடக்கத்தில், சிலிண்டருக்கு இரண்டு வால்வு கொண்ட எஞ்சின் என்ற வருணனையும் இடம்பெற்றிருந்தது. டிவிஎஸ் எஞ்சினில் வால்வுகள் மூன்று.

இரண்டு வால்வு என்பது கண்டுபிடிப்பின் உயிர்நாடியா, எஞ்சினைச் சொல்லும்போது பழக்கத்தில் வந்து விழுந்த சொல்லா என்ற கேள்வியில் சென்னை உயர் நீதிமன்றம் இரு விடைகள் கண்டது. தனி நீதிபதி 2008 பிப்ரவரியில் தடை விதித்தார். வண்டி ஒற்றைப் பிளக்கோடு சந்தைக்கு வந்தது. 2009 மே மாதத்தில் இரு நீதிபதிகள் அமர்வு, வால்வு எண்ணிக்கையின் வேறுபாட்டையும் கருதித் தடையை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், விற்பனைக் கணக்கு வைத்துக்கொண்டு வண்டியை விற்கலாம், வழக்கை விரைந்து முடிக்க வேண்டும் என்றது. விரைவு என்ற சொல்லுக்கும் இங்கே விரிந்த பொருள் இருந்திருக்க வேண்டும். இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டது 2019இல். அந்த ஒரு வருணனை இல்லாமல் உரிமைக்கூற்று எழுதப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிப்பது எளிது. இரண்டு வால்வு என்று சொல்லாமலிருந்தால் முன்னறிவோடு மோதிக் காப்புரிமையே கிடைக்காமலும் போயிருக்கலாம் என்பதை நினைவில் வைப்பது நேர்மை.

மென்பொருளில் இந்தச் சிக்கல் வேறு உருக் கொள்கிறது. சென்னைக் காப்புரிமை அலுவலகத்தின் எல்லைக்குள் கர்நாடகமும் அடங்குவதால், பெங்களூரில் எழுதப்படும் நிரல்கள் குறித்த விண்ணப்பங்களும் கிண்டிக்கே வருகின்றன. 2016 முதல் விண்ணப்ப எண்ணில் ஆண்டுக்குப் பின் வரும் '4' என்ற இலக்கம் சென்னையைக் குறிக்கிறது. கணினி நிரல் 'தன்னளவில்' கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது 3(கே) பிரிவு. அந்த ஒற்றைச் சொல்லை 2004 இறுதியில் வந்த அவசரச் சட்டம் தளர்த்த முயன்றது. நாடாளுமன்றம் 2005இல் அதை ஏற்காமல் பழைய சொல்லையே வைத்துக்கொண்டது. தொழில்நுட்ப விளைவோ தொழில்நுட்பப் பங்களிப்போ இருந்தால் நிரல் சார்ந்த கண்டுபிடிப்புக்கும் இடமுண்டு என்று 2019இல் தில்லி உயர் நீதிமன்றம் விளக்கியது. மலைத் தோட்டத்துக்கே திரும்பிச் சொன்னால், களத்தில் காயும் காப்பிக் கொட்டையின் ஈரப்பதத்தைக் கணக்கிடும் சூத்திரம் மட்டும் எழுதப்பட்டால் அது மறுக்கப்படும். அந்தக் கணக்கு உலர்த்தியின் காற்றோட்டத்தை நொடிக்கு நொடி மாற்றி எரிபொருளைக் குறைக்கும் கருவியாக எழுதப்பட்டால் பேச இடம் இருக்கிறது. கணினி அறிவியல் மட்டும் படித்த முகவர் முதலாவதைச் சிறப்பாக எழுதுவார். இரண்டாவதற்கு, உலர்த்தியின் அருகே சற்று நேரம் நின்றிருக்க வேண்டும்.

பட்டம் எதுவும் போதாத எல்லை தாவரங்களில் வருகிறது. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963இல் அமைத்த தேசிய ஆர்க்கிட் தோட்டத்தில் ஆர்க்கிட்களோடு அரிய மரங்களும் காக்கப்படுகின்றன. இம்மலைக்கே உரிய, மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா செவராயென்சிஸ் அவற்றில் ஒன்று. இப்படியொரு மரத்தின் இலையிலிருந்து ஒரு வேதிப்பொருளைப் பிரித்து மருந்தாக்க முனையும் ஆய்வாளரிடம், முகவர் வேதியியலைப் பற்றிக் கேட்பதற்கு முன் வேறு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். இலை எங்கே பறித்தது? காப்புரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, உயிரியல் பொருளின் மூலத்தையும் புவியியல் தோற்றத்தையும் விவரக்குறிப்பில் சொல்லச் சொல்கிறது; சொல்லாவிட்டால் அதுவே எதிர்ப்புக்கு ஒரு காரணம். உயிரியல் பன்மயச் சட்டம், 2002இன்படி, சென்னைத் தரமணியில் இயங்கும் தேசிய உயிரியல் பன்மய ஆணையத்தின் தொடர்பு இதில் தவிர்க்க முடியாதது. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், வெளிநாட்டுத் தொடர்புடையோர் காப்புரிமை வழங்கப்படும் முன் ஒப்புதலும், இந்தியர் பதிவும் பெற வேண்டும். இந்த இலையால் காயத்தை ஆற்றலாம் என்று சொன்னது யார்? மலையாளிப் பழங்குடியினரின் வழக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் அறிவென்றால், மரபறிவை விலக்கும் 3(பி) பிரிவு குறுக்கே நிற்கும்.

இந்தப் பிரிவின் பின்னால் மஞ்சளின் நினைவு இருக்கிறது. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்காவில் 1995இல் வழங்கப்பட்ட காப்புரிமை, இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வு மன்றம் எதிர்த்ததால் 1997இல் நீக்கப்பட்டது. சேலத்திலும் ஈரோட்டிலும் மஞ்சளை அறியாத வீடு இல்லை. ஆனால் வீட்டுக்கு வீடு தெரியும் என்பதைத் தேர்வாளர் முன்வைக்க முடியாது, அச்சான சான்றுகளையே வைக்க வேண்டியிருந்தது. பழைய நூல்களில் உள்ள மரபறிவைத் திரட்டி, உலகத் தேர்வாளர்கள் படிக்கும் மொழிகளில் தரும் மரபறிவு மின்னூலகம் 2001இல் தொடங்கப்பட்டதற்கும், அதில் சித்த மருத்துவ நூல்கள் இடம்பெற்றதற்கும் அந்த அனுபவம் ஒரு காரணம். ஏட்டிலேயே ஏறாத மலை வழக்கத்தைக் காக்க அந்த நூலகத்தாலும் இயலாது. அங்கே முகவரின் நேர்மையும், அவர் தம் கட்சிக்காரரிடம் கேட்கும் கேள்வியும்தான் தடுப்பு.

காப்புரிமை விதிகளின்படி விண்ணப்ப ஆவணங்கள் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் இருக்க வேண்டும். தமிழில் தர இயலாது. தோட்டத்தில் பல்ப்பரின் ஒவ்வோர் உறுப்புக்கும் பேர் உண்டு, இலைக்கும் வேருக்கும் மலையில் பேர் உண்டு. அந்தப் பெயர்களில் பேசும் ஒருவரின் கண்டுபிடிப்பு, முதலில் இன்னொரு மொழிக்கும் பிறகு உரிமைக்கூற்றின் மொழிக்கும் என்று இருமுறை பெயர்ந்தாக வேண்டும். ஒவ்வொரு பெயர்ப்பிலும் ஏதோவொன்று தவறிவிடும் வாய்ப்பு இருக்கிறது; மீள்தன்மை உறுப்பு எது என்று கேட்காமலே எழுதிவிடும் முகவரை, கேட்கத் தெரியாத கட்சிக்காரர் திருத்தவும் முடியாது. 126ஆம் பிரிவின் தகுதிப் பட்டியலில் கட்சிக்காரரின் மொழி இடம்பெறவில்லை.

விண்ணப்பத்தின் படிவம் 1இல் உறுதிமொழிகளின் நடுவே ஒரு வரி அச்சிடப்பட்டிருக்கும்: கண்டுபிடிப்பு இந்தியாவின் உயிரியல் பொருளைப் பயன்படுத்துகிறது, உரிய அனுமதியைக் காப்புரிமை வழங்கப்படும் முன் ஒப்படைப்போம் என்பது அதன் பொருள். பொருந்தாதவர் அதை அடித்துவிடலாம். பல்ப்பருக்கு விண்ணப்பம் எழுதும் முகவர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார்; மலை இலைக்கு எழுதுபவர் அதே வரியில் நின்று, இலை எந்தச் சரிவில் பறித்தது என்று மறுபடியும் கேட்க வேண்டியிருக்கிறது.